பதினோராம் நாள் வலிப்பு

நான் இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் இ.இ.ஜி. எடுக்கிறேன். தலையில் பசை தடவி, வயர் ஒட்டி, மூளையின் அலையைக் கோடு கோடாகப் பதிவு செய்கிற வேலை. கல்வராயன் மலையிலிருந்து ஜீப் பிடித்து வருவார்கள், மூங்கில்துறைப்பட்டிலிருந்து பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவருவார்கள். வலிப்பு வந்தவரைப் படுக்கவைத்துவிட்டுக் கூட வந்தவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன நடந்துச்சு, நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க." "எப்பவும் வர்ற மாதிரிதானே வந்துச்சு?" என்று தப்பித்தவறிக்கூடக் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டுவிட்டு நான் ஒருமுறை பட்ட பாடு போதும். பட்டது ஓர் அக்காவிடம்.

சொந்த அக்கா இல்லை. சின்னசேலத்துப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர். பெயரைச் சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் ஒழுக்கம். சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாயிண்ட்டுக்காரம்மா என்றால்தான் தெரியும்.

அப்போது நான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்காரர்கள் வருகிற வார்டு. மண்டை ஓட்டில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, பத்து நாளோ பதினைந்து நாளோ ராப்பகலாகப் பதிவு எடுப்போம். கட்டிலுக்கு மேலே கேமரா. வலிப்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்துவிடலாம் என்பது கணக்கு. அதற்காக மாத்திரையைக் குறைப்பார்கள். ஊர் உலகமெல்லாம் வலிப்பு வரக் கூடாது என்று சாமி கும்பிடும். எங்கள் வார்டில் மட்டும், இன்னும் வரலையே என்று டாக்டரிலிருந்து ஆயாம்மா வரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்போம்.

அவர் வந்த முதல் நாள் தலையை டேப் வைத்து அளந்தேன். எழுதிக்கொண்டு டேப்பைச் சுருட்டும்போது, "இன்னொரு வாட்டி அளந்துடு தம்பி" என்றார். எத்தனையோ வருஷமாக அளக்கிறேன் அக்கா என்றேன். அதனாலென்ன, இன்னொரு வாட்டி அளக்கக் கூடாதா என்று கேட்டார். எரிச்சலோடு அளந்தேன். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. அவர் தலையைத் திரும்பவும் நீட்டினார். மூன்றாவது தடவை, இரண்டாவது அளவே வந்தது. "இத்த எழுதிக்க" என்றார். ஆஸ்பத்திரியில் நோயாளி டெக்னீசியனுக்கு உத்தரவு போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

நானும் கள்ளக்குறிச்சிக்காரன் என்று தெரிந்ததும் எல்லோரையும்போல் ஒட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகவே கவனித்துக்கொண்டேன், வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன், ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துக் கொடுத்தேன். மூன்றாவது நாள் புருஷனிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "தம்பி நல்லவரு மாதிரிதான் தெரியுது. பாப்பம்."

அந்தப் "பாப்பம்" எனக்குத் தைத்தது. பிறகுதான் தெரிந்தது, அது எல்லோருக்கும் பொதுவான பாப்பம் என்று. புதிதாக வந்த நர்ஸை வார்டே தங்கமான பொண்ணு என்றபோது, ஒரு வாரம் போகட்டும் என்றார். கேன்டீன் இட்லியைக்கூட மேலே இருக்கும் இரண்டை ஓரமாக நகர்த்திவிட்டு அடியில் இருப்பதைப் பிட்டுப் பார்த்துத்தான் நல்ல இட்லியா, பழைய இட்லியா என்று தீர்ப்பு சொல்வார். எதையும் மேலாகப் பார்த்துச் சொல்லக் கூடாது. அந்த ஒரே ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு அந்த மனுஷி முப்பத்தைந்து வருஷம் உலகத்தோடு மல்லுக்கட்டியிருந்தார்.

அது ஆலையில் வந்த பழக்கமா, பழக்கத்தால் ஆலையில் நிலைத்தாரா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு லோடு ஆலைக்குப் போனால், முதலில் ஒரு கூடைக் கிழங்கை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி எடை பார்ப்பார்கள். தண்ணீருக்குள் எடை எவ்வளவு நிற்கிறதோ அதை வைத்துக் கிழங்கில் மாவு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அதற்குப் பேர்தான் பாயிண்ட்டு. ஒரு கூடைக்கு என்ன பாயிண்ட்டோ அதுதான் மொத்த லோடுக்கும் விலை. ஆகவே விவசாயி நல்ல முற்றின கிழங்காகப் பொறுக்கி லோடு மேலே பரப்பிவிடுவார். ஆலை ஆளும் லேசுப்பட்டவனில்லை, சொத்தையும் சோடையுமாகத் தேடிப் பிடித்துக் கூடையில் போடுவான். இரண்டு பேரும் தராசுக்கு முன்னால் நின்று சாமி சத்தியம் செய்வார்கள்.

அக்கா பாயிண்ட்டு பார்க்க உட்கார்ந்த பிறகு இந்தச் சத்தியங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அவரே லோடு மேல் ஏறுவார். வலிப்புக்காரியை லோடு மேல் ஏறவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். ஏறினார். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள். அக்கா முழங்கை வரை கிழங்குக்குள் கையை விட்டு, வண்டியின் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று கூடை எடுப்பார். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நாலாவது. வெயிலில் டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். முதலாளி சத்தம் போடுவார், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். காதில் வாங்கவே மாட்டார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, சின்னசேலம் பக்கம் மூன்று ஏக்கர் கிழங்கு போடுகிறவர். அவரும் மேலே நல்லதாகப் பரப்பிக்கொண்டு போய் இவரிடம் மாட்டியவர்களில் ஒருவர். இன்னாரை நான்தான் வார்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன். "அவளா? மண்டைக்குள்ள கம்பி வுட்டுக்கினு இருக்காங்களா? நல்லா ஆழமா வுடச் சொல்லு" என்றார். பிறகு, "ஆனா கை சுத்தம்டா. எம்மாந் துட்டு குடுத்தாலும் வாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

கல்யாணக் கதையை அக்காவின் புருஷன் சொன்னார். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், மலையடிவாரத்திலிருந்து கிழங்கு ஏற்றி வருகிறவர். பெண் பார்க்கப் போன அன்று பெண் வீட்டார் வலிப்பு விஷயத்தை மூடி மறைத்து கேசரி கொடுத்திருக்கிறார்கள். இவர் கேசரியைக் கையில் வாங்கியதும் பெண்ணே வெளியே வந்து, எனக்கு மாசத்துக்கு நாலஞ்சு வாட்டி வலிப்பு வரும், போய் யோசிச்சுட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். இவர் யோசித்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை யோசிச்சுட்டு வாங்க என்றார் அக்கா. மறுபடி வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது வலிப்பே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் உட்கார்ந்திருந்தாராம், அதனால் அக்கா கட்டிக்கொண்டாராம். ஏன் மூன்று தடவையும் போனீர்கள் என்று கேட்டேன். "வரச் சொன்னாங்க சார், போனன்" என்றார்.

அதுதான் அந்த மனுஷர். எதைச் சொன்னாலும் சரி, எதைக் கேட்டாலும் ஆமாங்க. எங்கள் ஊர்ப்பக்கம் டாக்டர் கேட்டால் ஆமாங்க என்பதுதான் மரியாதை, அது எனக்குத் தெரியும். இவர் பேஷன்ட் டயட்டைக் கொண்டுவருகிற பையனுக்கும் ஆமாங்க சொல்வார். அக்காவுக்கு அவர்மேல் குறை இல்லை, பெரிய அபிப்பிராயமும் இல்லை. "பத்து வருசம் ஆச்சி தம்பி. அந்த ஆளு மனசுல இன்னா இருக்குதுன்னு எனக்கு இன்னும் பாயிண்ட்டு புடிபடல. வாயத் தெறந்தாதான" என்றார் ஒருநாள். அவர் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். அதற்கும் ஆமாங்க சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

ஆபரேஷன் ஆனால் முதலில் என்ன செய்வீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பது என் வழக்கம். பைக் ஓட்டுவேன், நீச்சல் அடிப்பேன் என்பார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிப்பேன் என்றார். ஒன்பது வயதில் முதல் வலிப்பு வந்ததிலிருந்து குளிக்கும்போதும் கக்கூஸ் போகும்போதும் கதவைத் தாழ் போட விட்டதில்லை. அம்மா, பிறகு தங்கச்சி, பிறகு புருஷன், யாராவது ஒருவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுப்பார்கள். இவர் உள்ளேயிருந்து ம் சொல்ல வேண்டும். "குளிக்கும்போதுகூட ம் கொட்டிக்கினே குளிக்கணும் தம்பி. கதை கேக்கற மாதிரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது.

கம்பி இறக்கியதும் மறுநாளே வலிப்பு வந்துவிட்டது. நாலு நாளுக்குள் மூன்று. எங்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அக்கா கண்ணை அகல விழித்தார், வாயை மென்றார், புடவையைத் தடவினார், ஒரு நிமிஷத்தில் தெளிந்தார். மூன்றும் மூளையின் இடதுபக்கத்தில், காதுக்கு உள்ளே ஆழத்தில், ஒரே இடத்திலிருந்து கிளம்பின. அறுப்பதற்கு வசதியான இடம். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய்ப் புருஷனிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வந்தது வழக்கமான வலிப்புதானா, வேறு மாதிரியா என்று அதில் ஒரு கட்டம். "எப்பவும் வர்ற மாதிரிதானே வந்துச்சு?" என்று கேட்டேன். "ஆமாங்க சார்" என்றார். டிக் அடித்தேன். மூன்று டிக்.

நாலாம் நாள் டாக்டரம்மா வந்து உட்கார்ந்து சொன்னார். இடம் கிடைத்த மாதிரிதான் தெரிகிறது, எல்லோரும் கூடிப் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம், அந்த இடத்தை எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று. புருஷன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஆலையிலிருந்து ஆட்கள் அக்காவுக்கு போன் பண்ணினார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவர் தன் வலது கையை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார்.

மறுநாள் காலையில் வயர்களைச் சரிபார்க்கப் போனேன்.

"தம்பி, கை நல்லா இருக்குது" என்றார்.

"நல்லதுதானேக்கா."

"நல்லது இல்ல தம்பி. எனக்கு வந்துச்சின்னா சோத்துக்கை ஒரு மணி நேரம் தொங்கிப்பூடும். டம்ளர் புடிக்க முடியாது. மூணு வாட்டி வந்துச்சின்ற. மூணு வாட்டியும் எழுந்து உக்காந்து இந்தக் கையாலதான டீ குடிச்சன்?"

எனக்குச் சுருக்கென்றது. படிவத்தில் மூன்று டிக் அடித்தவன் நான். இதில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கில்லை. ஆஸ்பத்திரி வலிப்பு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அதைப் பெரிசு பண்ணாதீங்க, டாக்டரம்மா இடம் கிடைச்சுடுச்சுன்னு சொல்றாங்கல்ல என்றேன். என் டிக் தப்பாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷியின் மூளையில் தப்பான இடத்தை அறுக்கவிடப் பார்த்தேன். அப்போது அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதான்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இது மேலாக்க வந்தது தம்பி. அடியில இருக்கறது இன்னும் வரல" என்றார். பத்து மணிக்கு டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது அவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். எப்போதும் வலிப்பு வந்தால் வலது கை இழுக்குமா என்றார். ஆமாங்க என்றார். இந்த மூன்று தடவையும் இழுத்ததா?

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் எப்பவும் போலதான்னு சொன்னீங்க?"

"சார் கேட்டாருங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வலிப்பு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டரம்மா எங்கள் எல்லோருக்கும் சேர்த்து விளக்கினார். எனக்கும் தெரிந்த விஷயம்தான், பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியது. கம்பி இறக்கிய முதல் சில நாட்கள் மூளை தன் இயல்பில் இருப்பதில்லை. மயக்க மருந்து, கம்பி போன வழியில் லேசான வீக்கம், திடீரென்று குறைத்த மாத்திரை. அடங்கிக் கிடந்த ஏதோ ஓர் இடம் மாத்திரை குறைந்த வேகத்தில் கிளம்பலாம், அது இவர் வருஷக்கணக்காகப் படும் வலிப்பாக இருக்கவேண்டியதில்லை. நாள் போகப்போகத்தான் மூளை பழைய நிலைக்கு வரும். இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம், ஆனால் கம்பி உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அக்கா சம்மதம் என்றார். வந்தவரைக்கும் போதும் என்று சொல்லியிருந்தால் அடுத்த மாதமே ஆபரேஷன் தேதி வந்திருக்கும். அவருக்கும் அது தெரியும்.

அதற்கப்புறம் ஆறு நாள் ஒன்றும் வரவில்லை. மாத்திரையில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுத்து, மெள்ளக் குறைத்தார்கள். வலிப்பு இல்லாத நேரத்திலும் மூளையில் சின்னச் சின்ன மின்பொறிகள் கூர்கூராக வந்துகொண்டே இருக்கும், அதை எண்ணுவது என் வேலை. முதல் இரண்டு நாள் எண்ணிக்கை கம்மி. ஆறாம் நாள் இரட்டிப்பு. எட்டாம் நாள் பாதி. தூங்கினால் ஒரு கணக்கு, விழித்தால் ஒரு கணக்கு. காதுக்குள் இருந்த அந்தப் பழைய இடம் நாளுக்கு நாள் ஓய்ந்தது, நெற்றிப் பக்கம் இருந்த ஒரு கம்பி மெள்ளப் பேச ஆரம்பித்தது. ஒரே தலைதான், ஒரே கம்பிகள்தான். தினமும் காலையில் இன்று எப்படி என்று அக்கா கேட்பார், நான் சொல்வேன். இப்படி மாறிக்கொண்டே இருந்தால் எதை நம்புவது என்று நான்தான் சலித்துக்கொண்டேன்.

"ஒரே கொல்லைதான், ஒரே கிழங்குதான். மழை பேஞ்ச மறுநாள் புடுங்குனா பாயிண்ட்டு எறங்கிப்பூடும், காஞ்சப்பறம் புடுங்குனா ஏறும். அதுக்கோசரம் கிழங்கு பொய் சொல்லுதுன்னு அர்த்தமா? நீதான் மழை நின்னப்பறம் போவணும்" என்றார் அக்கா. இதையே எங்களுக்கு ஒரு புரொபசர் முக்கால் மணி நேரம் படம் போட்டு நடத்தினார். எனக்குப் புரியவில்லை.

காத்திருக்கிற நாளில் அவர் பயந்தார். பயத்தை மறைக்கிற ஆள் இல்லை. காய்ச்சல் அடிக்கிறதா பார் தம்பி என்று நெற்றியைக் காட்டுவார். ஊரில் தங்கச்சி வீட்டில் விட்டுவந்த மகளோடு வீடியோவில் பேசிவிட்டு, தலைக்கட்டைத் தடவிக்கொண்டு, நான் தப்புப் பண்ணிட்டனா என்று கேட்பார். வலிப்பு வராமலே கம்பியை எடுக்க வேண்டி வந்தால், பட்டதெல்லாம் வீண். என் டிக் சரியாக இருந்து இவர் சொன்னது தப்பாக இருந்தால், கிடைத்த வாய்ப்பைக் கையால் தள்ளியது ஆகும். அந்த ஆறு நாளும் நான் வேண்டியதை எந்தச் சாமியிடமும் வெளியே சொல்ல முடியாது. இந்த அக்காவுக்கு நல்லபடியாக ஒரு வலிப்பு வரட்டும் என்று வேண்டினேன்.

பதினோராம் நாள் காலை வந்தது. இட்லி சாப்பிட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். பக்கத்து அறைத் திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிப் பக்கத்துக் கம்பியில் கோடு மெல்லிசாக நடுங்கி, பிறகு தடித்து, பிறகு பக்கத்துக் கம்பிகளைப் பிடித்தது. காதுக்குள் இருந்த பழைய இடம் கடைசி வரை சும்மா இருந்தது. நான் போவதற்குள் கட்டிலைச் சுற்றி நர்ஸ்கள் நின்றார்கள். நான் கோட்டைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

தெளிந்ததும் அவர் முதலில் பார்த்தது தன் வலது கையை. அது கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு இன்னும் வரவில்லை. இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்து, டம்ளரைப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. கோணல் வாயோடு சிரித்தார். நானும் சிரித்தேன், நர்ஸும் சிரித்தாள். முட்டாள்கள் மாதிரி எல்லோரும் சிரித்தோம். அடுத்த இரண்டு நாளில் அதே மாதிரி, அதே இடத்திலிருந்து, இன்னும் இரண்டு வந்தன.

பிறகு அந்த இடத்தைச் சோதித்தார்கள். கம்பி வழியாகத் துளியூண்டு மின்சாரம் விட்டுக்கொண்டே படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். பூசணிக்காய் படம். அக்கா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மின்சாரத்தை நிறுத்தியதும் "பூசணி" என்றார். நாலு தடவை செய்தார்கள். நாலு தடவையும் அப்படியே.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா மறுபடி வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் நிஜமான வலிப்பு பேச்சு இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்தால் பேச்சு போய்விடும், எடுக்க முடியாது. முதலில் பார்த்த இடத்தை எடுத்தால் பேச்சுக்கு ஆபத்து கம்மி, ஆனால் வலிப்பு நிற்காது. மாத்திரையை மாற்றித் தருகிறோம், குறையலாம், அடியோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப தாப்பா போட முடியாதுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முடியாதுக்கா என்று நான்தான் சொன்னேன்.

அழுதார். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல், நேராக உட்கார்ந்துகொண்டு அழுதார். எனக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா போன பிறகு, நீங்க சொல்லாம இருந்திருந்தா என்று ஆரம்பித்தேன். எதற்கு அப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் முடிக்க விடவில்லை. "அறுத்திருப்பாங்க. நின்னுபோச்சின்னு நெனச்சிக்கினு நான் தாப்பா போட்டுக்கினு குளிச்சிக்கினு இருப்பன். அப்ப வந்திருக்கும் தம்பி. உள்ளாற. யாரும் ம் கேக்காம" என்றார்.

நான் டிக் அடித்ததையும், வாயை மூடச் சொன்னதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, வுடு தம்பி, மூணாவது வாட்டி சரியா அளந்த இல்ல என்றார்.

கம்பியை எடுக்கக் கூட்டிப்போவதற்கு முன்னால் ஒன்று கேட்டார். பதினோராம் நாள் வந்ததே, அதைப் பார்க்க வேண்டும்.

"ஒம்போது வயசுலருந்து வருது. தெருவே பாத்திருக்குது, பள்ளிக்கூடமே பாத்திருக்குது, ஆலையில அத்தினி பேரும் பாத்திருக்காங்க. நான் மட்டும்தான் பாக்கல."

நோயாளியிடம் காட்டும் வழக்கம் இல்லை. டாக்டரம்மாவைக் கேட்டேன், காட்டு என்றார். கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலோரம் வைத்தேன். புருஷன் ஜன்னல் பக்கம் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

திரையில் அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. வலது கை விரல்கள் ஒன்றையொன்று உரசின, பிறகு கை இழுத்தது, பிறகு வாய். கட்டிலில் இருந்த அக்கா தண்ணீர்த் தொட்டி முன்னால் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் அசையாமல் பார்த்தார். "பாவம், இன்னா இப்டி இழுக்குது" என்றார், வேறு யாரையோ பார்த்த மாதிரி.

அப்போது புருஷன் படத்துக்குள் வந்தார். தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். தலைக்கட்டு நலுங்காமல் அவரைப் பக்கவாட்டில் சாய்த்தார். எங்கள் ஊரில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பார்கள், அதெல்லாம் கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தோம். அவர் தன் கட்டைவிரலை அந்தக் கைக்குள் கொடுத்தார். பிறகு குனிந்து, காதோரம் வாயை வைத்து, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இன்னா சொல்றாரு? சத்தம் வை தம்பி."

அந்தப் பதிவை அதற்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். கோட்டுக்காகப் பார்த்ததால் ஒருதடவைகூடச் சத்தம் வைத்ததில்லை. வைத்தேன்.

"இங்கதான் இருக்கறன். பயப்படாத. தோ முடிஞ்சிடும். இங்கதான் இருக்கறன். இங்கதான் இருக்கறன்."

இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நர்ஸ்கள் வந்து சூழ்ந்த பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. அந்த மனுஷர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. படம் முடிந்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இன்னாயா, எப்பவும் இப்டிச் சொல்லுவியா?"

"ஆமா" என்றார் அவர். பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"பத்து வருசமாவா?"

"ஆமா."

"ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லியே."

"உனக்குக் கேக்காது" என்றார் அவர். "தெரியும்."